ராஜாவுக்குப் பதிலாக முட்டி மடக்கிய நரி

ஒரு காட்டில், வேட்டையைத் தவிர வேறெதையும் தானாகச் செய்து பழக்கமில்லாத புலியார் ஒருவர் ராஜாவாக இருந்தார். கொட்டாவி வந்தால்கூட அமைச்சர் ஏகாம்பரத்தைத்தான் பார்ப்பார். ஏகாம்பரம் ஒரு நரி. பிறந்ததிலிருந்து எதையும் துரத்தியதில்லை. ராஜா தின்றது போக மிஞ்சியதைத் தின்றே வளர்ந்தவர்.

ஒருநாள் மானைத் துரத்திப்போன ராஜா பள்ளத்தில் விழுந்து முட்டியை நொறுக்கிக்கொண்டார். டாக்டர் மரங்கொத்தி ஆபரேஷன் செய்து தையல் போட்டார். "என் வேலை முடிஞ்சுது. இனி பிசியோதெரபிதான்" என்று அலகைத் துடைத்துக்கொண்டு பறந்துவிட்டார்.

மறுநாள் பிசியோதெரபி கொக்கம்மா வந்து ஒற்றைக்காலில் நின்றார்.

"ராஜா, காலை மடக்கி நீட்டணும். வலிக்கத்தான் செய்யும். விட்டுட்டீங்கன்னா முட்டி இறுகிப்போயிடும். அப்புறம் ஓடவே முடியாது."

ராஜா ஒரு தடவை மடக்கிப் பார்த்தார். காடே அதிரக் கத்தினார். பிறகு, "ஏகாம்பரம், இதை நீ பாத்துக்க" என்றார்.

ஏகாம்பரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். ராஜா ஓடாவிட்டால் வேட்டை ஏது, மிச்சம் ஏது? "ராஜா, முட்டி உங்களுதுங்களே..."

"இந்தக் காடும்தான் என்னுது. தினம் அதைச் சுத்தி வர்றது யாரு?"

அன்றிலிருந்து காலை வேளைகளில் ஏகாம்பரம் மல்லாந்து படுத்துக் காலை நீட்டி மடக்கினார், மேட்டில் ஏறி இறங்கினார். கொக்கம்மாவும் விதியே என்று சொல்லிக்கொடுத்தார். ராஜா குகையில் சாய்ந்தபடியே விசாரிப்பார்.

"எப்படி இருக்கு?"

"தொடையெல்லாம் வலிக்குது ராஜா."

"பாத்தியா, குணமாகுது!"

திருப்தியாகக் கண்ணை மூடிக்கொள்வார்.

குகையில் பழைய எலும்புகளும் தீர்ந்தன. பசி காதை அடைக்க, ஏகாம்பரம் ஒருநாள் காலையில் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார். குறுக்கே ஒரு முயல் ஓடியது. வழக்கம்போல வேடிக்கை பார்க்கத்தான் நினைத்தார், கால்கள் கேட்கவில்லை. முயல் வாயில் சிக்கியபோது அவருக்கே நம்ப முடியவில்லை. தின்றுகொண்டே அழுதார். அத்தனை சந்தோஷம்.

அப்புறம் தினமும் வேட்டைதான். ராஜாவின் முட்டியோ உலக்கையாக இறுகிவிட்டது. கொக்கம்மா இருவரையும் பார்த்துவிட்டு, "சிகிச்சை நல்லா பலிச்சிருக்கு" என்று சொல்லி விடைபெற்றார்.

அன்று ஏகாம்பரம் காட்டாட்டுக் குட்டி ஒன்றை முடித்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டிருந்தார். குகை வாசல்வரை தவழ்ந்து வந்த ராஜா தொண்டையைச் செருமினார்.

"அமைச்சரே... மிச்சம் ஏதாவது இருக்குங்களா?"

நீதி: அடுத்தவருக்கு ஆபரேஷன் முடிந்த மறுநாளே நீங்கள் பிசியோதெரபியைத் தொடங்கிவிடுங்கள்.