மூட்டைக்குப் பதில் அருளம்பலம்

இந்தக் காலத்துச் சனத்துக்குச் சாக்கின் வாயைக்கூட ஒழுங்காகக் கட்டத் தெரியாது. விடிந்ததிலிருந்து அருளம்பலம் இதைத்தான் சொல்லிக்கொண்டு நின்றார். சீனக்குடா விமானத்தளத்தின் கடைசிக் கொட்டகையில், ஒரு சின்னஞ்சிறு விமானத்தின் பின்னிருக்கையில் கட்டியிருந்த மண்மூட்டை அவிழ்ந்து, மண் முழுவதும் உள்ளே கொட்டிப் போயிருந்தது.

"கட்டினது நீங்கள்தானே அண்ணை," என்றான் ஸ்டோரில் கணக்கெழுதும் கிளாக்கர் ஞானசேகரம்.

"நான் கட்டினது சரி. சாக்கு நெய்தவன் சரியில்லை."

பலகையும் துணியும் பசையுமாய்ச் செய்த விமானம் அது. காயம்பட்டவனையும் தபால் பையையும் வயல்வெளியில்கூட ஏற்றி இறக்கலாமா என்று ஒரு வெள்ளைக்காரத் துரை அதை ஓட்டி ஓட்டிப் பரீட்சித்துக்கொண்டிருந்தார். கூலியாட்கள் அதைத் தும்பி என்பார்கள். பின்னால் ஓர் ஆளின் பாரத்துக்கு மண்மூட்டை வைப்பது வழக்கம். மூட்டை கட்டுவது அருளம்பலத்தின் வேலை. தும்பியில் அவருக்குத் துளி நம்பிக்கையும் கிடையாது. பசையால் ஒட்டினது ஒருநாள் கழலத்தான் செய்யும் என்பது அவர் கட்சி.

ஆனாலும் துரை தலையில் கைவைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது அவருக்கு ஓர் எண்ணம் வந்தது.

"தம்பி, துரையிட்டைக் கேள். மூட்டைக்குப் பதிலாய் நான் ஏறுறன். ஆனால் கிளிவெட்டிக்கு மேலால போகவேணும்."

"மூட்டை வாய் திறக்காது அண்ணை. நீங்கள்?"

"நான் ஏன் கதைக்கப்போறன்?" என்று தொடங்கி, தான் அதிகம் கதைக்காத ஆள் என்பதை அருளம்பலம் மத்தியானம்வரை விளக்கினார்.

கிளிவெட்டியில்தான் அவர் மனைவி நல்லம்மா இருந்தாள். யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டு ஊரே கலைந்தபோது தன் தம்பி வீட்டுக்குப் போனவள். அப்படிப் போன மற்றச் சனமெல்லாம் திரும்பிவந்து, கடை திறந்து, கலியாணமும் செய்துவிட்டது. நல்லம்மா வரவில்லை. வள்ளமேறிப் போய்க் கூப்பிட்டால், "பிளேன் சத்தத்துக்கு நெஞ்சு பதறுது. அடங்கட்டும், வாறன்," என்பாள். ஒருதரம் பகல் முழுக்க அங்கேயே இருந்து, ஊரில் யார் யார் எப்படிக் கெட்டுப்போனார்கள் என்றெல்லாம் எடுத்துச் சொல்லி மன்றாடிப் பார்த்தார். பின்னேரம் அவளே சோறு கட்டிக் கொடுத்து வள்ளத்துக்கு அனுப்பிவிட்டாள்.

பாலையூற்று வீட்டில் அவர் தனி. கிணற்றடியில் வாளி கோணலாகக் கிடந்தால், "பார், வாளி வைச்சிருக்கிற விதத்தை," என்று குசினிப் பக்கம் திரும்பிச் சொல்லுவார். முந்தியென்றால் உள்ளேயிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வரும். இப்போது வராது. இத்தனை வருசமும் அந்த "ம்"முக்காகத்தான் உலகத்தைத் திட்டினோமோ என்று சில பொழுதுபட்ட நேரங்களில் தோன்றும். அன்றைக்குச் சோறு இறங்காது.

ஞானசேகரம் போய்க் கேட்டபோது, மண் வாரிக் களைத்துப்போன துரை ஓம் என்று சம்மதித்துவிட்டார்.

முதல் ஓட்டத்தில் அருளம்பலம் கண்ணை இறுக மூடிக்கொண்டு கோணேசப் பெருமானைக் கூப்பிட்டார். திறந்தபோது கீழே வயல், வாய்க்கால், மச்சான் வீட்டு மாமரம் எல்லாம் இருந்தன. ஆட்கள்தான் இல்லை. சத்தம் கேட்டதுமே கிளிவெட்டி முழுக்க, குண்டுக்குப் பயந்து வெட்டி வைத்த கிடங்குகளுக்குள் இறங்கிப் பதுங்கிவிட்டது. முற்றத்தில் காயப்போட்டிருந்த நெல்லைத் தும்பியின் காற்று வேலிக்கு அப்பால் வாரிக்கொண்டு போனது.

அந்தப் பக்கத்திலிருந்து தயிர் கொண்டுவரும் அபூதாஹிர் செய்தி சொன்னார்.

"அண்ணன், உங்கட மச்சான் ஒவ்வொரு நெல்லாப் பொறுக்கிறார். பொறுக்கப் பொறுக்க ஏசுறார்."

"அவனுக்கு நெல்லுக் காயப்போடவும் தெரியாது. நீர் நல்லம்மாவிட்டைச் சொல்லும். வாற வியாழன் அந்தச் சின்ன ஏரோப்பிளேனில வாறது நான். முற்றத்தில நிக்கட்டாம்."

வியாழக்கிழமை அவள் நின்றாள். ஊரெல்லாம் கிடங்குக்குள் கிடக்க, அவள் மட்டும் நெற்றியில் கைவைத்து அண்ணாந்து நின்றாள். தும்பி வட்டமடித்தது. கையசைத்தாள். சிரித்தாள். அவள் சிரித்துக் கண்டது எந்தக் காலமோ. அருளம்பலம் தன்னால் ஏலுமானமட்டும் கத்தினார். எல்லாவற்றையும் எஞ்சின் விழுங்கிவிட்டது.

அடுத்த ஓட்டத்துக்கு அவள் நல்ல சேலை உடுத்து நின்றாள். அதற்கடுத்ததுக்குத் தலையில் பூவும் இருந்தது. அருளம்பலம் வீட்டுக்கு வெள்ளையடித்தார், புதுப் பாய் வாங்கினார், வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

"வாறன்," என்று பதில் வந்தது. ஆள் வரவில்லை.

"இவ்வளவு ஆசையாய்க் கை காட்டுறவள் ஏன் வரேல்ல?" என்று ஞானசேகரத்திடம் கேட்டார். அவன் வாய் திறப்பதற்குள் பதிலையும் அவரே சொன்னார். "சத்தம். பயத்தை மறைச்சுக்கொண்டு நிக்கிறாள், பாவம். துரையிட்டைச் சொல்லிச் சத்தத்தைக் குறை."

எதிரியின் காதில் விழாமல் பறக்கவேண்டும் என்று துரைக்கும் ஆசை இருந்தது. தும்பியின் வயிற்றுக்குக் கீழே ஒரு நீளக் குழாயைப் பூட்டினார்கள். சத்தம் அடங்கியது. அதோடு பலமும் அடங்கியது. தென்னைக்கு மேலே எழும்ப அதற்கு ஏலாமல் போனது. பாரம் குறைக்கக் கதவைக் கழற்றினார்கள். பிறகு இருக்கை மெத்தையை எடுத்தார்கள். அருளம்பலம் வெற்றிலைப் பையை விட்டார், காலைச் சாப்பாட்டை விட்டார்.

"இன்னும் பாரமாய் இருக்காம். வேற எதையாவது விடலாமோ எண்டு துரை கேக்கிறார்," என்றான் ஞானசேகரம்.

"என்னட்டை வேற என்ன இருக்கு?"

ஞானசேகரம் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்றைக்குத் தும்பி உழவுமாடு மூச்சுவிடுவதுபோலக் கிளிவெட்டிக்கு வந்தது. பயப்படுவதற்குச் சத்தமே இல்லாததால் சனமெல்லாம் வெளியே வந்து பார்த்தது. எல்லாருக்கும் முன்னால் நல்லம்மா, பூவும் சேலையுமாய். தும்பி கூரையை உரசுமாப்போலத் தாழ்ந்தது. கதவில்லாத பக்கத்தால் அருளம்பலம் தலையை நீட்டினார்.

"நல்லம்மா, இந்த வேலியை அடைச்சது ஆர், குருடனோ? ஆட்டை ஏன் முருங்கையில கட்டினனி? முற்றம் கூட்டின சீரைப் பார். உன்ர தம்பி நெல்லைத் திரும்பவும் அதே இடத்தில காயப்போட்டிருக்கிறான், அவனுக்கு எத்தினைதரம்..."

ஊர் முழுக்க ஒவ்வொரு சொல்லாய்க் கேட்டது. நல்லம்மா அசைத்த கையை இறக்கினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

தளத்துக்குத் திரும்பியதும், குழாய் அருமையாய் வேலை செய்கிறது என்று துரை எல்லாருக்கும் கை கொடுத்தார். அருளம்பலம் கொட்டகை மூலையில் குந்தியிருந்தார். யாரையும் ஒரு குறையும் சொல்லவில்லை. ஞானசேகரம் பயந்து தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தான்.

மறுநாள் விடிய அவர் இறங்குதுறையில் அபூதாஹிரைப் பிடித்தார்.

"கண்டீரோ அவளை? தாழப் பறந்ததுக்குப் பயந்திட்டாளோ?"

அபூதாஹிர் தயிர்ச் சட்டியை இறக்கி வைத்தார். "பயமில்ல அண்ணன்."

"பின்ன ஏன் கதவைச் சாத்தினவள்? என்ன சொன்னவள்? உள்ளதைச் சொல்லும்."

"அந்தக் குழாயைக் கழட்டிப்போட்டு, முந்தின மாதிரியே சத்தத்தோட கிழமைக்குக் கிழமை வரட்டாம். அப்பதான் ஆளைப் பாக்கலாமாம், உங்கட கதை காதில விழாதாம்."

அருளம்பலம் கடலுக்கு அப்பால், கிளிவெட்டி இருக்கிற மூதூர்ப் பக்கம் கையை நீட்டினார்.

"அவள் அப்பிடிச் சொல்லியிருக்கமாட்டாள். வழியில நீர்தான் எதையோ மாத்திப்போட்டீர்," என்றார். பிறகு சீனக்குடாவைப் பார்த்து நடக்கத் தொடங்கினார், அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு.