பாப்-இன் சாரின் கடைசி இன்டர்வியூ

ஒரு அறைக்குள் முப்பது விதமாக நுழையத் தெரிந்த மனிதர் மதுரையிலேயே எங்கள் ‘பாப்-இன்’ சார் ஒருவர்தான். ஒரு வேலைக்குள் மட்டும் அவருக்கு நுழையவே வாய்க்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில், சிம்மக்கல்லில் ஒரு சைக்கிள் கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார். பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் வசவு வாங்கிக்கொண்டிருந்த ஒன்பது பேர் நாங்கள் படித்தோம்.

"கம் இன், கோ அவுட்டெல்லாம் துட்டி கேக்க எழவு வீட்டுக்குப் போறவன் பேசுறது மாப்ள. பாப் இன்! ஹாப் இன்! நிப் அவுட்! இன்டர்வியூவுல பாதி வேலை வாசல்லயே முடிஞ்சிரும்" என்பார்.

சொன்னால் போதாது, செய்தும் காட்ட வேண்டும். பாப் இன் என்றால் கதவிடுக்கில் முதலில் தலை மட்டும் வரும். ஹாப் இன் என்றால் ஒற்றைக்காலில் துள்ளல். நிப் அவுட் என்றால் கண்மூடித் திறப்பதற்குள் ஆள் வெளியே.

"சாரே, மேல ஆடு வளக்குறீகளா? காரை உதிருதுய்யா!" என்று கீழிருந்து சைக்கிள் கடைக்காரர் தினமும் கத்துவார்.

உசிலம்பட்டி பஸ்ஸில் வரும் சார், நிற்பதற்கு முன்பே "ஹாப் ஆஃப்!" என்று குதித்து, சிராய்த்த முழங்காலோடு வகுப்புக்கு வருவார். "உச்சரிப்பு சரிதான், ரோடுதான் சரியில்ல" என்று தூசியைத் தட்டிக்கொள்வார்.

எல்லாம் அந்தக் கடைசி இன்டர்வியூ வரைக்கும்தான். அடுத்த மாதம் அவருக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அதன் பிறகு எந்த ஆபீசும் கூப்பிடாது. ஒன்பது பேரும் சைக்கிளில் கூடவே போய் ஆபீஸ் கேட்டில் நின்றோம். உள்ளே பாய்ந்தவர் கொஞ்ச நேரத்தில் திரும்பினார். நடந்து வந்தார். அவர் அப்படி மெதுவாக நடந்து நாங்கள் பார்த்ததே இல்லை.

"என்ன சார் கேட்டாங்க?"

"இம்புட்டு வருசமா என்ன செஞ்சீங்கன்னாங்க. உள்ள நுழையுறது எப்படின்னு சொல்லிக் குடுத்தேன்னேன். சிரிச்சாங்கய்யா. நல்ல மனுசங்கதான், டீயெல்லாம் குடுத்தாங்க."

அன்று சாயங்காலம் வகுப்பில் உட்கார்ந்திருந்தோம். சார் வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"வீட்டுக்குப் போங்கய்யா. எங்கிட்டப் படிச்சு எவன் உருப்பட்டான்?"

அது உண்மைதான். எங்களில் ஒருவனுக்கும் வேலை கிடைத்திருக்கவில்லை. நான்தான் முதலில் கத்தினேன்: "ஹாப் இன், சார்!" மற்ற எட்டுப் பேரும் சேர்ந்து கத்தினார்கள். சார் அசையவில்லை.

கீழிருந்து சைக்கிள் கடைக்காரர் குரல் வந்தது: "நல்லாக் குதிங்க சாரே! காரை போனாப் போவுது!"

சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒற்றைக்காலில் துள்ளி உள்ளே வந்தார்.

அவருக்குக் கடைசி வரை வேலை கிடைக்கவில்லை. இன்றைக்கும் யாராவது என் அறைக் கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டினால், அது அவராக இருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்கிறது.