சேலையூரில் குளிர்காலம் நடத்தியவர்

தமிழ்நாட்டுச் சமவெளியில் சொந்தமாக ஒரு குளிர்காலம் வைத்திருந்தவர் எங்கள் டூலிப் சார் ஒருவர்தான். சேலையூரில் எங்களுக்கு எதிர் ஃபிளாட். தொழில், கணக்கு வாத்தியார்.

ஒரு செப்டம்பரில் பன்னிரண்டு டூலிப் கிழங்குகளை ஆன்லைனில் வரவழைத்தார். மூன்று மாதமாவது குளிரில் கிடந்தால்தான் அவை பூக்குமாம். தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்த மூன்றாம் நாளே அவர் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இந்த ஃப்ரிட்ஜ்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல என் இட்லி மாவு இருக்கணும்!"

மாவு ஜெயித்தது. கிழங்குகள் எங்கள் ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டுக்குக் குடிவந்தன.

கூடவே சட்டங்களும் வந்தன. ஆப்பிள், வாழைப்பழம் உள்ளே வரக்கூடாது. பழத்திலிருந்து வரும் வாயு மொட்டைக் கெடுத்துவிடும். தினமும் காலை ஏழு மணிக்குத் தெர்மாமீட்டரோடு வருவார். குட்மார்னிங் சொல்வது கிழங்குகளுக்குத்தான், எங்களுக்கு இல்லை.

"எதுக்கு சார் இதுங்களுக்கு இந்தத் தண்டனை?" என்று கேட்டேன்.

"குளிர்காலம் வந்துட்டுப் போச்சுன்னு அது நம்பணும் சார். அப்பத்தான் பூக்கும். நம்ம ஊர்ல வெயில் இருக்கு, மழை இருக்கு. குளிர்காலத்த நாமதான் பண்ணணும்."

நவம்பரில் வந்திருந்த என் மாமியார், வெங்காயம் என்று நினைத்து இரண்டை சாம்பாருக்கு அரிந்துவிட்டார். அதைத் தின்னக் கூடாது என்று ஓடிவந்து தடுத்த டூலிப் சார், துண்டுகளைப் பார்த்து, "உள்ள மொட்டு இருந்துச்சும்மா" என்றார். மாமியார் அன்று சாப்பிடவே இல்லை.

டிசம்பரில் புயல். கரண்ட் போய்விட்டது. முழங்கால் தண்ணீரில் டூலிப் சார் ராஜகீழ்ப்பாக்கம் மீன்கார அக்காவைத் தேடிப் போனார். குடை பிடித்தது நான்.

"மீன் இல்ல சார். ஐஸ்தான் கீது."

"ஐஸ்தான் வேணும்."

அக்கா குரலைத் தாழ்த்தினார். "இன்னா சார், வூட்ல பொணம் எதுனா வெச்சிகினு கீறியா?"

விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, தன் தெர்மாகோல் பெட்டியையே ஐஸோடு தூக்கிக் கொடுத்தார். இரண்டு நாள் பத்துக் கிழங்குகளும் மீன் வாசனையில் குளிர்காலம் கழித்தன.

ஜனவரியில் டூலிப் சார் அவற்றைத் தொட்டிகளில் நட்டு, தன் ஏசி அறையில் வைத்தார். நான்கு அழுகின. ஐந்து வெறும் இலை விட்டன. பிப்ரவரியில் ஒரு நாள் காலை வந்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

சிவப்பாக ஒரே ஒரு பூ. உண்மையைச் சொன்னால், எங்கள் வாட்ச்மேன் வளர்க்கும் செம்பருத்தி இதைவிடப் பெரிசு. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். டூலிப் சார் முகத்தைப் பார்த்தேன்.

ஆபீசுக்குப் போன் போட்டு லீவு சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.