ஒரே பெட்டியில் இரண்டு வில்

"எட்டு பவுண்டு கூடுதலா இருக்கு சார்," என்றாள் விமான நிலையக் கவுண்டர்ப் பெண்.

மார்லிஸின் மனம் லேசாகத் துள்ளியது. முகத்தை மட்டும் வருத்தமாக வைத்துக்கொண்டாள்.

"வீட்டுல நிறுத்தப்ப சரியாத்தானே இருந்துச்சு," என்றான் டுவேன்.

"பூட்ஸை அதுக்கப்புறம்தானே உள்ள திணிச்ச."

நீளமான கறுப்புப் பெட்டி. உள்ளே இருவரின் வில்களும் அம்புகளும். அவை இடிபடாமல் இருக்கச் சுற்றிலும் வேட்டை உடுப்புகள். அமெரிக்காவில் விஸ்கான்சின் வேட்டைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் கட்டுவார்கள். டுவேன் அதில் கெட்டிக்காரன். நமீபியாவுக்கு இரண்டு முறை போய் முறுக்குக் கொம்பு மான்களோடு படம் எடுத்து வந்தவன். ஊர் வில் சங்கத்தில் யார் வெளிநாடு கிளம்பினாலும் பெட்டி கட்ட அவனைத்தான் கூப்பிடுவார்கள். இந்த முறை மனைவியையும் கூட்டிப் போகிறான் என்று சங்கமே விருந்து வைத்துக் கைதட்டி அனுப்பியிருந்தது.

அந்தக் கைதட்டல்தான் மார்லிஸின் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

பயிற்சிக்கு வைக்கும் ரப்பர் மானின் நெஞ்சில் அவள் அம்பு பிசகியதே இல்லை. ஆனால் ஆறு இலையுதிர் காலங்களாக மரத்துப் பரணில் உட்கார்ந்தும், உயிருள்ள மானின் மேல் ஓர் அம்புகூட விட்டதில்லை. இரக்கம் என்றும் சொல்ல முடியாது. மான் கறி என்றால் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுபவள். மான் தலையைத் தூக்கிப் பார்க்கும் அந்த நொடியில், அவள் தனியாக இருந்த அறைக்குள் யாரோ கதவைத் தட்டாமல் வந்துவிட்டதுபோல் ஒரு கூச்சம். நாணைத் தளர்த்திவிடுவாள். சாயங்காலம் டுவேன் கேட்டால், "காத்து திரும்பிருச்சு" என்பாள். அவனும் தலையாட்டுவான். ஆப்பிரிக்கா போய் வந்த பிறகு இங்கத்து மான் எதுவும் அவன் கண்ணுக்குப் பெரிதாகப் படவில்லை. அவனும் வெறுங்கையோடுதான் இறங்குவான்.

நமீபியாவில் வழிகாட்டி பக்கத்திலேயே உட்காருவான். அவனிடம் காற்றைப் பற்றிப் பொய் சொல்ல முடியாது. டுவேனுக்குத் தெரிந்துவிடும். அதற்கு முன் இந்தப் பெட்டி எங்காவது நின்றுவிட வேண்டும்.

"பேசாம வில்லை விட்டுட்டுப் போயிடலாமா? சும்மா ஊர் சுத்திப் பாக்கலாமே," என்றாள்.

"நல்லாக் கேட்ட. உடுப்பை எடுத்து மாட்டு. உடம்புல இருக்கிறதுக்கு யாரும் எடை போட மாட்டாங்க."

ஆகஸ்ட் வெக்கையில் இருவரும் இருக்கிற துணிக்கு மேல் வேட்டைக் கால்சட்டையும் கம்பளிச் சட்டையும் பூட்ஸும் ஏற்றிக்கொண்டார்கள். பெட்டி பூட்டப்பட்டு உள்ளே போனது. இலை, கிளை, பட்டை என்று அச்சடித்த உடுப்பு, காட்டில் கண்ணில் படாமல் இருப்பதற்கென்றே தைத்தது. அந்த வெள்ளைக் கூடத்தில் அவர்களைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

போதாததற்கு வாசனை வேறு. மனித வாடை போக வேண்டுமென்று ஒரு மாதம் மண்வாசனை வில்லைகளோடு கட்டிவைத்திருந்த துணி; உடம்புச் சூட்டில் மழை பெய்த வயல்போல் மணத்தது. பாதுகாப்புச் சோதனை வரிசையில் பின்னால் நின்ற கிழவர் மனைவியிடம் சொன்னார்: "எங்கேயோ தோட்டம் கொத்துறாங்க."

"பேசாம நில்லுங்க. அந்தம்மாதான் தோட்டம்."

மார்லிஸ் சட்டையைக் கழற்றித் தட்டில் போட்டாள். இயந்திரம் நின்றது. காவல் பெண் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே சில எஃகு முனைகள் சவரக் கத்தியைப்போல் மினுங்கின.

"இது என்னம்மா?"

"அம்பு முனை."

"இதோட உள்ள போகலாம்னு நெனச்சீங்களா?"

"நெனச்சா இப்படி வேர்த்துக்கிட்டா நிப்பேன்? பெட்டியில இருந்த சட்டைங்க இது. எடை அதிகமாயிருச்சுன்னு மாட்டிக்கிட்டேன்."

ஒரு கணம் அவளுக்கு நம்பிக்கை வந்தது. கைது செய்தால் நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பெண் நல்லவளாகப் போய்விட்டாள்.

"திரும்பிப் போயி பெட்டியிலயே வச்சிருங்க. நேரம் இருக்கு."

கவுண்டர்ப் பெண் பெட்டியைத் திரும்ப வரவழைத்தாள். "தொறங்க சார்."

டுவேன் கால்சட்டைப் பைகளைத் தடவினான். உள்ளே போட்டிருந்த கால்சட்டையின் பைகளையும் தடவினான். பிறகு பெட்டியைப் பார்த்தான்.

"சாவி எங்க?" என்றாள் மார்லிஸ்.

"பத்திரமா இருக்கட்டும்னு அம்பு உறைக்குள்ள போட்டேன்."

"அம்பு உறை எங்க?"

அவன் விரலால் பெட்டியைத் தட்டினான். பூட்டு தானாக அமுங்கிக்கொள்ளும் வகை.

"உங்களைத்தான் ஊரே பெட்டி கட்டக் கூப்பிடுதா சார்?" என்று கவுண்டர்ப் பெண் கேட்டாள். இதுவரை அவன் சொல்லிக்கொண்டிருந்ததையெல்லாம் அவள் கேட்டிருந்தாள்.

ஓர் ஆள் பெரிய கத்தரியோடு வந்து இரண்டு பூட்டையும் வெட்டினான். அம்பு முனைகள் உள்ளே போயின. மூடினால் மூடி நிற்கவில்லை. டுவேன் கடைக்கு ஓடி அகலமான டேப் வாங்கிவந்து பெட்டியைச் சுற்றினான். போகும் ஊர் அச்சிட்ட புதுச் சீட்டும் ஒட்டியாயிற்று. பெரிய பெட்டிகளைக் கூடத்தின் மறுகோடிக்குத் தாங்களே தூக்கிப்போக வேண்டும்.

அங்கே அதைக் கீழே வைத்ததும், "இன்னும் ரெண்டு சுத்து போட்டுடறேன்," என்றான் டுவேன்.

அவன் சுற்றினான். பழுப்பு டேப் போய்ச்சேரும் ஊரின் பெயர் மேலேயே, சீட்டில் இயந்திரம் படிக்கும் கோடுகளின் மேலேயே ஏறியது. மார்லிஸ் பார்த்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தால் போதும். அவள் வாயைத் திறந்து, "நல்லா இறுக்கிச் சுத்து," என்றாள்.

விமானத்தில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்தில் டுவேன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகக் குறட்டை விட்டான். எத்தனை உழைத்தான் பாவம், மனைவியின் முதல் வேட்டைக்காக. பரணிலிருந்து இறங்கிப் பொய் சொன்னபோது உறுத்தாதது இப்போது உறுத்தியது. அங்கே அவள் ஒன்றைச் செய்யாமல் மட்டும்தான் இருந்தாள்; இங்கே இறுக்கிச் சுற்றச் சொல்லியே இருந்தாள்.

நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக்கில் பெட்டிகள் சுற்றிச் சுற்றி வந்து தீர்ந்தன. கறுப்புப் பெட்டி வரவில்லை. டுவேன் காலியான பட்டையைப் பார்த்து நீளமாக மூச்சு விட்டான்.

"மனசை விட்டுடாத," என்று அவன் தோளைத் தொட்டாள்.

"எனக்கென்ன. உனக்காகத்தான் பாக்கறேன்."

"டுவேன், அந்த டேப்பு விஷயமா நான் ஒண்ணு சொல்லணும்."

"டேப்புல என்ன இருக்கு," என்று அவன் சட்டென்று நகர்ந்தான். "நான் போயி புகார் குடுத்துட்டு வரேன். நீ வெளியில கோபஸ் நிக்கிறானான்னு பாரு."

வழிகாட்டி கோபஸ் நின்றான். வெயிலில் வெந்த முகம், அரைக்கால் சட்டை. இலைதழை உடுப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவளை அவனால் தவறவிட முடியவில்லை.

"மார்லிஸ் மேடமா? என்ன ஆச்சு? சார் எங்க?"

"உள்ள இருக்காரு. வில்லுப் பெட்டி வரலை. ரெண்டு பேரோடதும் அதுலதான்." அவள் தயங்கினாள். டுவேனுக்காகவாவது கேட்டுவிடுவதே நல்லது. "உங்க பண்ணையில வேற வில்லு இருக்குமா?"

கோபஸ் சிரித்தான்.

"இதுக்கா மேடம் அழறீங்க? போன ரெண்டு தடவையும் போட்டோவுக்குத்தான் சாரோட வில்லைப் பெட்டியிலேர்ந்து வெளியிலயே எடுத்தோம். மானைத் துப்பாக்கியால சுட்டது நான்தான், சார் அப்ப வண்டிக்குள்ள கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு உக்காந்திருந்தாரு."