வாய் திறக்காத விக்கெட் கீப்பர்

கிரிக்கெட்டில் கையைவிட வாய்தான் முக்கியம் என்பதை, ஒரு டீமையே தோற்கடித்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

வெள்ளைக்காரர் ஆண்ட காலம். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஆபீஸில் கிராணிகள், அதாவது குமாஸ்தாக்களான நாங்கள் ஒரு டீம் வைத்திருந்தோம். கேப்டன் என் அக்காவின் கணவர், சபாபதி அத்தான். என்னைக் கீப்பராக்கியதும், "மச்சானுக்கு இடம் குடுத்துட்டாரு" என்று டீமே முணுமுணுத்தது. (பொய்யில்லை. சோறு போடமாட்டேன் என்று அக்கா அவரை மிரட்டியிருந்தாள்.) நன்றாக ஆடி அந்தப் பேச்சை அடக்கவேண்டும் என்று எனக்கு ஒரே வெறி.

ஆனால் டீமில் இடம் கிடைத்தால், தைப்பூசத்துக்கு முந்தின மூன்று நாள் மௌன விரதம் இருப்பதாகப் பத்துமலை முருகனிடம் வேண்டியிருந்தேன். மழையால் தள்ளிப்போன ஆட்டம், சரியாக விரதத்தின் இரண்டாம் நாளில் வந்து விழுந்தது. விஷயத்தைச் சிலேட்டில் எழுதி அத்தானிடம் நீட்டினேன்.

"கீப்பருக்குக் கைதானே வேணும், வாய் எதுக்கு? வந்து நில்லு லா" என்றார்.

எதிரில் வெள்ளைக்காரர் கிளப். அவர்களுடைய கடைசி ஜோடி ஆடுகிறது, ஜெயிக்க மூன்று ரன் வேண்டும். பந்து மட்டையை லேசாக உரசிக்கொண்டு என் கைக்குள் வந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் ஊதியதில், உரசிய சத்தம் எங்கள் ஆட்கள் காதில் விழவில்லை. கீப்பர் "ஹவ்ஸ் தட்!" என்று கத்தினால்தான் அவர்களும் கத்துவார்கள். யாராவது கேட்டால்தான் அம்பயர் அவுட் கொடுப்பார். நான் குதித்தேன், பந்தைத் தூக்கிக் காட்டினேன், கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டேன்.

"என்னடா, எறும்பு கடிச்சிருச்சா?" என்றார் அத்தான்.

அடுத்த பந்து என் முட்டியில் மோதி எல்லைக்கு ஓடியது. நான்கு ரன். "ஐயோ, அம்மா!" என்ற என் அலறல் கிள்ளான் வரை கேட்டிருக்கும். ஆட்டமும் போச்சு, விரதமும் போச்சு.

அம்பயர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். என் தோளைத் தட்டி, "அது அவுட்தான் தம்பி. நீர் கேக்கேல்லையே" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தான் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. (அவருக்கு விரதம் எதுவும் கிடையாது.)

இன்றும் அக்கா வீட்டு விருந்தில் பாயசம் இரண்டாம் சுற்று வரும்போது, கூச்சத்தோடு டம்ளரை மட்டும் லேசாக முன்னே நகர்த்துவேன். அக்கா கரண்டியோடு அப்படியே நின்றுவிடுவாள். மொத்தக் குடும்பமும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கும்.

"ஹவ்ஸ் தட்!" என்று நான் கத்திய பிறகுதான் டம்ளரில் பாயசம் விழும்.