மேஜை மேல் ஒரு சிறுகோள்

தையல்காரர் அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இந்த வீட்டில் ஒன்று அவர் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தச் சிறுகோள் இருக்க வேண்டும்.

வானத்தில் சுற்றும் நிஜச் சிறுகோள் இல்லை. அவர் மனைவிக்கு வானியல் ஆய்வகத்தில் வேலை. அங்கே பிரிவுத் தலைவர் தன் கையாலேயே பீங்கானில் ஒன்று செய்து அவளுக்குப் பரிசளித்துவிட்டார். அது கூடத்து மேஜையில் முளைவிட்ட உருளைக்கிழங்கு மாதிரி உட்கார்ந்திருந்தது. அதுகூடப் பரவாயில்லை. ஒரு வாரமாக இவள் வாயைத் திறந்தால் தலைவர் புராணம்தான்.

“என்ன பொறுமை! என்ன விரல்!”

“உனக்குத் துணி தைக்கிற விரல் என்ன, வாடகை விரலா?”

“அட, நீங்க வேற!”

தையல்காரருக்கு வயிறு எரிந்தது. மனசுக்குள்ளேயே தலைவருக்கு ஒரு சட்டை தைத்து, கழுத்தை இரண்டு அங்குலம் இறுக்கிப் பார்த்தார். ஆத்திரம் ஆறவில்லை. அவள் வேலைக்குப் போயிருந்த நேரம், வாசற்படியில் நின்று செருப்பைக் கழற்றினார். குறி பார்த்தார். வீசினார். டமால்! செருப்பை எடுத்து வெளியே போட்டார், எதிரே இருந்த ஜன்னலைத் திறந்துவைத்தார். அப்பாடா, என்ன நிம்மதி!

சாயங்காலம் அவள் வந்தாள்.

“ஐயையோ! எப்படிங்க உடைஞ்சுது?”

“ஜன்னல் காத்து. பேய்க்காத்து! தள்ளிவிட்டுடுச்சு.”

அவள் குனிந்து துண்டுகளைப் பார்த்தாள்.

“ஏங்க, எங்க வேலை என்ன தெரியுமா? வானத்துல ஒரு பெரிய சிறுகோள் மேல இன்னொண்ணு மோதும். உடைஞ்ச துண்டுங்க ஏறக்குறைய ஒரே மாதிரி பாதையில சூரியனைச் சுத்தும். அதை வெச்சுத்தான் இதெல்லாம் ஒரே குடும்பம்னு சொல்றோம். கணக்குப் போட்டு அந்தப் பாதையைப் பின்னால ஓட்டிப் பார்த்தா, மோதல் எப்போ நடந்துச்சுன்னுகூடக் கண்டுபிடிக்கலாம்.”

“அடேயப்பா! அதுக்கும் நம்ம வீட்டுக்கும் என்ன?”

“ஜன்னல் காத்து தள்ளியிருந்தா துண்டெல்லாம் வாசல் பக்கம்தானே கிடக்கணும்? எல்லாம் ஜன்னல் பக்கம் கிடக்கு. வாசல்லேருந்துல்ல ஏதோ பறந்து வந்திருக்கு! பெரிய துண்டு மேல செருப்பு மண்ணு வேற.”

தையல்காரர், இனி இவள் தன்னோடு பேசவே மாட்டாள் என்று பயந்தே போனார்.

“ஆமாடி, நான்தான்! எப்பப் பாரு அந்த ஆளு, அந்த ஆளு! எனக்குப் பொறாமையா இருக்காதா?”

“இருக்கணும்னுதானே புகழ்ந்தேன்!” அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “அந்தக் கண்றாவியை யாரு வீட்டுல வெச்சுப்பாங்க? நானே உடைச்சுட்டு அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியுமா? அதான் உங்களை உசுப்பிவிட்டேன்.”

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதற்குள் அவள் பையிலிருந்து ஒரு பீங்கான் நிலாவை எடுத்து மேஜையில் வைத்தாள். அது முந்தையதைவிட அவலட்சணம்.

“இன்னிக்கு இதைக் கொடுத்திருக்காரு. ஏங்க, இதுக்கும் ஒரு வாரம் புகழணுமா, இல்லே இப்பவே முடிச்சுடறீங்களா?”