பூனை வாசித்த பியானோ

இங்கிலாந்தில் எங்கள் வாட்ஃபோர்ட் பக்கத்தில் ‘எதுவுமே செய்யாத பெற்றோர்’ என்றோர் இனம் செழிப்பாக இருக்கிறது. பதினோரு வயதில் சேரும் நல்ல பள்ளியில், இசைக் காது உள்ள பிள்ளைகளுக்கென்று பத்தில் ஓர் இடம் உண்டு. வாத்தியம் வாசிக்க வேண்டாம். ஒலியைக் கேட்டுப் பதில் எழுதினால் போதும். ‘இதற்குத் தயார் செய்ய முடியாது’ என்று பள்ளியே அச்சடித்துத் தருகிறது. அதைப் படித்த அன்றே இவர்கள் ஊருக்குத் தெரியாமல் தயார் செய்யத் தொடங்கிவிடுவார்கள்.

என் பக்கத்து வீட்டு ரோவினாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மகள் டில்லிக்கு மூன்று வயதானதிலிருந்து, கெட்டில் கொதித்தாலும், குப்பை லாரி பீப் பீப் என்று ரிவர்ஸில் வந்தாலும், கணவர் கிளைவ் குறட்டை விட்டாலும், “இது மேல் சுருதியா, கீழ் சுருதியா?” என்று கேட்டே குழந்தையை வளர்த்தாள். சாப்பாட்டு மேசையில் இரண்டோ மூன்றோ கண்ணாடிக் குவளைகளைச் சேர்த்துத் தட்டுவாள். எத்தனை ஒலி என்று சொன்னால்தான் உருளைக்கிழங்கு. ஒருநாள் வேலிக்கு இந்தப்பக்கம் பியானோ கேட்டது.

“டில்லிக்குப் பயிற்சியா?”

“சேச்சே! பூனை ஏறிடுச்சுங்க.”

“மூணு கட்டையையும் ஒண்ணா மிதிக்குதே?”

“கெட்டிக்காரப் பூனை.”

சிரிப்பு வந்தாலும் அவள் கவலை எனக்குத் தெரியும். டில்லிக்கு இடம் கிடைத்தால், அக்கா படிக்கும் பள்ளி என்று பின்னாலேயே அவள் தம்பிக்கும் கிடைக்கும். இல்லாவிட்டால் இருவருக்கும் இரண்டு பஸ் மாறிப் போகும் பள்ளிதான்.

செப்டம்பரில் பரீட்சை. துள்ளிக்கொண்டு வந்தாள் டில்லி. அடுத்த மாதம் முடிவும் வந்தது: இடமில்லை. சேர்ந்து ஒலிப்பவற்றை எண்ணும் பகுதியில் சுத்தமாகப் பூஜ்யம். இரண்டு ஒலித்தால் மூன்று என்றும், மூன்று ஒலித்தால் நான்கு என்றும் எழுதியிருந்தாள்.

“ஏண்டி இப்படிப் பண்ணினே?” என்று ரோவினா அலறியது என் சமையலறை வரை கேட்டது.

“மேல ட்யூப்லைட்டும் பாடிட்டிருந்துச்சும்மா. அதை எப்படி எண்ணாம விடறது?”

அத்தனை பேரிலும் சரியாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான்! ரோவினா அன்றே மேல்முறையீடு எழுத உட்கார்ந்தாள். விளக்கு முனகுவதைக்கூட இவள் எண்ணுவாள் என்று நிரூபிக்க வேண்டுமே? நிரூபிக்க வேண்டுமென்றால், ஏழு வருடம் என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டுமே? ஊருக்குத் தெரிந்துவிடாதா? காகிதத்தைக் கிழித்துப் போட்டாள். டில்லி இப்போது இரண்டு பஸ் மாறிப் போகிறாள்.

நீங்கள் நன்றாகச் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல்லுங்கள்: டில்லிக்கு எத்தனை வயதில் ஆரம்பித்தார்கள் என்று, உங்கள் வீட்டுப் பிள்ளையின் வயதை நினைத்துக்கொண்டே, நடுவில் ஒருமுறை கதையில் மேலே போய்ப் பார்த்துவிட்டுத்தானே வந்தீர்கள்?